கட்டிலிலிருந்து விழுந்த குழந்தை: வீட்டிலேயே கவனிப்பதா, மருத்துவமனைக்கு ஓடுவதா?

நள்ளிரவு விழிப்பு (இழையைத் தொடங்கியவர்)

என் ஒன்பது மாத மகள் நேற்று மாலை கட்டிலிலிருந்து தரையில் விழுந்துவிட்டாள். மாற்றுடையை எடுக்க நான் திரும்பிய நேரம் மூன்று நொடிகூட இருக்காது. கட்டிலின் உயரத்தைப் பிறகு அளந்து பார்த்தேன். மெத்தையோடு சேர்த்து 55 சென்டிமீட்டர். விழுந்தவுடன் வீறிட்டு அழுதாள், தூக்கிய சில நிமிடங்களில் அடங்கினாள், பால் குடித்தாள், அரை மணி நேரத்தில் வழக்கம்போலத் தவழத் தொடங்கிவிட்டாள். நெற்றியின் இடப்பக்கம் மட்டும் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டது.

வீட்டில் ஒருவர் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர் இரவு முழுவதும் தூங்கவிடக் கூடாது என்றார். மூன்றாமவர் விழாமல் வளர்ந்த பிள்ளை எங்கே இருக்கிறது என்று சிரித்தார். நான் குழந்தை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். புடைப்பு எவ்வளவு பெரியது என்று நான் பதறிப் பதறிச் சொல்ல முயன்றபோது அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. புடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது, விழுந்த உடனே அழுதாளா, இப்போது உங்கள் கண்ணுக்கு அவள் வழக்கமான குழந்தையாகத் தெரிகிறாளா என்று மூன்றே கேள்விகளைக் கேட்டுவிட்டு, வீட்டில் வைத்துக் கவனிக்கச் சொன்னார். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று கேள்விகளை வைத்து அவரால் எப்படி ஒரு முடிவுக்கு வர முடிந்தது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அவசரப்பிரிவு மருத்துவர்

உங்கள் மருத்துவர் கேட்ட கேள்விகள் அவருடைய தனிப்பட்ட ஊகத்தில் பிறந்தவை அல்ல. வட அமெரிக்காவின் 25 அவசரப்பிரிவுகள் சேர்ந்து, தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2009ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெகார்ன் விதி என்று நாங்கள் அன்றாடம் குறிப்பிடுவது அதிலிருந்து வந்ததுதான். மருத்துவமனைக்கு வரும்போது ஓரளவு தெளிவான நினைவுடன் இருந்த குழந்தைகளையே அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது. அவர்களில் கவலைப்பட வேண்டிய மூளைக் காயம் இருந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த விதி ஆறு செய்திகளைப் பார்க்கச் சொல்கிறது. நினைவு தெளிவாக இருக்க வேண்டும்; தொட்டுப் பார்க்கும்போது மண்டை ஓட்டில் முறிவு தட்டுப்படக் கூடாது; நெற்றியைத் தவிர வேறு எங்கும் இரத்தக்கட்டு வீக்கம் இருக்கக் கூடாது; ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியிருக்கக் கூடாது; விழுந்த உயரம் 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கக் கூடாது; கடைசியாக, பெற்றோரின் பார்வையில் குழந்தை இயல்பாக நடந்துகொள்ள வேண்டும். ஆறும் சரியாக இருந்தால் கவலைக்குரிய மூளைக் காயம் இருக்கும் வாய்ப்பு 0.02 விழுக்காட்டுக்கும் குறைவு. உங்கள் மகளுக்கு ஆறும் சரியாக இருந்தன. கட்டிலின் உயரத்தை அவர் தனியாகக் கேட்காதது, பெரும்பாலான கட்டில்கள் அந்த அளவுக்குக் கீழே இருப்பதால்தான் என்று நினைக்கிறேன், இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

புடைப்பின் இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நெற்றி எலும்பு தடிமனானது, தலைத்தோலுக்கு இரத்த ஓட்டம் மிக அதிகம். ஆகவே நெற்றியில் சிறிய அடிக்குக்கூடப் பெரிய புடைப்பு வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காதுக்கு மேலோ, பக்கவாட்டிலோ, பிடரிக்கு மேலோ மெத்தென்று, அழுத்தினால் சேற்றைப் போல அமுங்குகிற வீக்கம் வந்தால் அதன் அடியில் எலும்பு முறிவு இருக்க வாய்ப்புண்டு. அங்கே அளவும் முக்கியம்தான், வயதும் முக்கியம்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்படி ஒரு வீக்கம் வந்தால் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க மாட்டேன், நேரில் கொண்டுவரச் சொல்வேன்.

ஆறாவது செய்தியைச் சிறிது அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோரின் பார்வை என்பது உங்களைத் தேற்றுவதற்காகச் சேர்த்த மரியாதை வாசகம் அன்று. குழந்தை வழக்கத்தைவிட மந்தமாக இருக்கிறதா என்பதை முதல்முறையாகப் பார்க்கும் என்னால் சொல்ல முடியாது. அன்றாடம் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ‘என்னவோ சரியில்லை, இது என் பிள்ளை மாதிரி இல்லை’ என்று ஒரு தாய் சொன்னால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்தக் குழந்தையை நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இயற்பியல் ஆசிரியர்

மருத்துவம் எனக்குத் தெரியாது; உயரக் கணக்கு தெரியும். 55 சென்டிமீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். 90 சென்டிமீட்டர் என்றால் 15, ஒன்றரை மீட்டர் என்றால் ஏறத்தாழ 20. உயரம் இரு மடங்கானால் மோதும் ஆற்றலும் இரு மடங்காகிறது.

ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பது. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் சராசரி வேகக் குறைப்பு புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். பளிங்குத் தரையில், தலைத்தோலும் எலும்பும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டர் அமுங்கித் தலை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 55 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 110 மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும் பஞ்சு விரிப்பில் 11 மடங்கு. உயரம் அதேதான், அடி பத்தில் ஒன்றாகிவிட்டது. கட்டிலின் உயரத்தைக் குறைக்க முடியாத வீட்டில் கட்டிலோரத்துத் தரையையாவது மாற்றலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவசரப்பிரிவு மருத்துவர்

ஆசிரியரின் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். தலை வெறும் பந்து அன்று. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசை வலுவற்றது. அதனால்தான் சிறு குழந்தை எங்கிருந்து விழுந்தாலும் தலை முந்திக்கொள்கிறது. கையை ஊன்றித் தப்பிக்கும் அனிச்சையும் ஏழெட்டு மாதங்களில்தான் உருவாகத் தொடங்குகிறது. நேராக மோதுவதைவிடத் தலை சுழன்று மோதுவது மூளைக்கு அதிகக் கேடு செய்யும். அந்தச் சுழற்சி உயரக் கணக்கில் வராது.

இரட்டையர் தந்தை

எனக்கு இந்த வாய்ப்பு விழுக்காடுகளில் நம்பிக்கை இல்லை. பத்தாயிரத்தில் இருவர் என்றாலும் அந்த இருவரில் ஒருவர் என் பிள்ளையாக இருந்தால் எனக்கு அது நூறு விழுக்காடுதான். ஸ்கேன் கருவி கையில் இருக்கும்போது ஏன் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும்? சென்ற ஆண்டு என் மகன்களில் ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தபோது நான் வற்புறுத்தி ஸ்கேன் எடுக்க வைத்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் ஆடாமல் படுப்பதற்காக மயக்க மருந்து கொடுத்ததும், அதன் பிறகு அரை நாள் அவன் துவண்டு கிடந்ததும் உண்மைதான்; ஆனாலும் மீண்டும் அப்படித்தான் செய்வேன்.

அவசரப்பிரிவு மருத்துவர்

உங்கள் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை ஐயா. ஆனால் தராசின் மறுதட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் என்பது ஊடுகதிரால் (எக்ஸ்ரே) எடுக்கப்படுவது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, பத்து வயதுக்கு முன் தலையில் சி.டி. எடுத்துக்கொண்ட பத்தாயிரம் குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுகளுக்குள் கூடுதலாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்று மதிப்பிட்டது. மிகக் குறைந்த ஆபத்துதான்; தேவைப்படும் குழந்தைக்கு நான் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் எடுப்பேன். ஆனால் ஆறு செய்திகளும் சரியாக இருக்கும் குழந்தைக்கு நாம் தேடும் காயத்தின் வாய்ப்பும் பத்தாயிரத்தில் இரண்டுக்குக் குறைவு என்பதைப் பாருங்கள். இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் மயக்க மருந்து வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கும் வீட்டுக்கு அனுப்புவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. மருத்துவமனையிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிப்பது. உயரம் கொஞ்சம் அதிகம், ஆனால் குழந்தை நன்றாக விளையாடுகிறது என்பது போன்ற இடைப்பட்ட நிலையில், அதாவது ஆபத்து நூற்றுக்கு ஒன்று அளவில் இருக்கும்போது, பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். நினைவு மங்கியிருந்தாலோ மண்டை ஓட்டில் முறிவு கைக்குத் தட்டுப்பட்டாலோ ஆபத்து நூற்றுக்கு நான்குக்கு மேல் போகிறது. அங்கே விவாதத்துக்கு இடமில்லை, உடனே ஸ்கேன்தான்.

முதிய தாய்

தூங்கவிடலாமா கூடாதா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே. எங்கள் காலத்தில் பிள்ளையைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பிக்கொண்டே இருப்போம்.

அவசரப்பிரிவு மருத்துவர்

தூங்கவிடலாம் அம்மா. தூக்கம் மூளைக் காயத்தை மோசமாக்குவதில்லை. அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும், அதிலும் அது வழக்கமாகத் தூங்கும் நேரமாக இருந்தால். தூங்குகிற குழந்தையிடம் மயக்கத்தின் அறிகுறி தெரியாமல் போய்விடுமே என்பதுதான் அந்தப் பழைய அறிவுரையின் நோக்கம். அந்த நோக்கம் சரியானது. முதல் இரவு இரண்டொரு முறை மெதுவாகத் தொட்டு எழுப்பினால் போதும். சிணுங்கி, முகம் சுளித்து, புரண்டு படுத்து, மீண்டும் தூங்கினால் நல்லது. எழுப்ப எழுப்ப எழவில்லை என்றாலோ, கை கால் துவண்டு தொங்கினாலோ, மூச்சு வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சறுக்குமரத்துத் தாய்

இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாப் புடைப்பும் தானாக வடிந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து பக்கவாட்டில் விழுந்தான். என் தலைக்கு மேல் இருக்கும் உயரம் அது. அழுதான், எழுந்தான், மறுபடியும் விளையாட ஓடினான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறது என்றான். ஒருமுறை வாந்தி எடுத்தான். வெயிலில் ஆடியதால் என்று நினைத்தேன். பிறகு சோபாவில் சாய்ந்தவன் நான் கூப்பிட்டதற்குக் குழறலாக ஏதோ சொன்னான். அந்தக் குரலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மருத்துவமனைக்குள் நுழையும்போது அவனுடைய ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகியிருந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் தேங்கியிருந்தது. அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று அவனுக்குப் பத்து வயது. காதுக்கு மேலே ஒரு வடுவைத் தவிர வேறு குறை இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அவன் நன்றாகத்தான் இருந்தான் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பிரிவு மருத்துவர்

இதை எழுதியதற்கு நன்றி சகோதரி. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே எலும்பு விரிசல் கண்டு குழாய் கிழிந்தால், இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்தத் தொடங்குவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அடிபட்டவர் தெளிவாக இருக்கும் அந்த இடைவேளைதான் ஏமாற்றுகிறது. உங்கள் மகன் நடந்துகொண்ட விதத்தில் விழுந்த உடனே குறை எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் உயரம் சொல்லியிருக்கும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றாலே, விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான். இந்த வயதில் கடும் தலைவலியும் வாந்தியும் கணக்கில் சேர்கின்றன. மற்ற எல்லாம் சரியாக இருந்து ஒருமுறை மட்டும் வாந்தி எடுத்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. மூன்று முறை, அல்லது வாந்தியுடன் தூக்கக் கலக்கம் என்றால் கதையே வேறு.

தாமதிக்கக் கூடாத மற்ற அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பு, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர்போல் தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல், காதுக்குப் பின்னால் கன்றிப்போதல், ஒரு பக்கக் கையையோ காலையோ அசைக்காமல் இருத்தல், கைக்குழந்தை என்றால் பால் குடிக்க மறுத்தல், எவ்வளவு தேற்றியும் அடங்காத அழுகை, அழாமல் அமைதியாக இருக்கும்போதும் உச்சிக்குழி மேடிட்டு இறுகியிருத்தல். இரத்தம் உறையாத நோய் உள்ள குழந்தைக்கும், மூளைநீரை வடிக்கக் குழாய் பொருத்திய குழந்தைக்கும் இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. சிறிய அடிக்கும் மருத்துவமனைதான்.

பெயர் வேண்டாம்

வேறு ஒரு வருத்தத்தைக் கேட்க வேண்டும். என் ஐந்து மாதக் குழந்தை கைநழுவி விழுந்தபோது, மருத்துவமனையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து எப்படி விழுந்தது, யார் அருகில் இருந்தார்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உடம்பு முழுவதும் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் செத்துக்கொண்டிருந்த எனக்கு அது என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலிருந்தது.

குழந்தைப் பிரிவுச் செவிலியர்

அந்தக் கேள்வியை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். எப்படி விழுந்தது என்பதே நாங்கள் ஆபத்தை அளக்கும் முதல் அளவுகோல்; பதற்றத்தில் இருப்பவர் முதல்முறை சொல்லும்போது விட்டுப்போன செய்தி இரண்டாம் முறை வரும். அத்துடன் உண்மையையும் மறைக்க வேண்டாம்: குழந்தைகளைத் துன்புறுத்துவோர் உலகில் இருக்கிறார்கள். தானாகப் புரளக்கூட முடியாத குழந்தையின் உடலில் கன்றிய தடங்கள் இருந்தாலோ, சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலோ நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு யாரும் இல்லை. அதனால் முகத்தைப் பார்த்துப் பிரிக்காமல் எல்லோரிடமும் கேட்கிறோம். ஆனால் ஏன் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது எங்கள் பக்கத் தவறு.

காப்பக ஊழியர்

விழுந்த பிறகு செய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விழாமல் இருக்கச் செய்வதைப் பற்றி ஒரு சொல். குழந்தையை உட்கார வைத்து உருள விடும் சக்கர வாக்கரை யாரும் வாங்காதீர்கள். (குழந்தை பின்னால் நின்று தள்ளிச் செல்லும் நடைவண்டியைச் சொல்லவில்லை.) கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசரப்பிரிவுக்கு வந்த ஒன்றேகால் வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம், நால்வரில் மூவர் படிக்கட்டில் உருண்டவர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும் பொருளை எட்டிப் பிடிக்க எந்தப் பெரியவராலும் முடியாது. அது நடையைச் சீக்கிரம் வரவழைப்பதும் இல்லை.

சன்னலும் அப்படித்தான். கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும், குழந்தையைத் தடுக்காது. நியூயார்க் நகரில் 1970களில் மாடிச் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பது தொடர்ந்தபோது, ‘குழந்தைகளால் பறக்க முடியாது’ என்ற இயக்கத்தைத் தொடங்கிச் சன்னல் கம்பித் தடுப்புகளை வழங்கினார்கள். 1976இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். விழுவது வெகுவாகக் குறைந்தது. கவனமாக இருங்கள் என்று தாய்மாருக்கு அறிவுரை சொல்வதைவிடக் கம்பி பொருத்துவது நல்லது என்பது என் கருத்து.

இரட்டையர் தந்தை

வாக்கரைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஸ்கேன் பற்றி மருத்துவர் சொன்னதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் அடுத்த முறை முதலில் சில மணி நேரம் வைத்துக் கவனிக்க முடியுமா என்று கேட்பேன்.

நள்ளிரவு விழிப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. இன்று மூன்றாம் நாள். காலையில் எழுந்தபோது மகளின் இடக் கண்ணிமை நீலம் பாரித்து வீங்கியிருக்கிறது. புடைப்பு பாதியாகக் குறைந்துவிட்டது, விளையாட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் கண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

அவசரப்பிரிவு மருத்துவர்

நெற்றியில் கட்டிய இரத்தம் தோலுக்கு அடியில் கீழ்நோக்கி இறங்கி இமையில் தங்கியிருக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் இப்படி வருவது வழக்கம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் மறையும். நெற்றியில் அடியே படாமல் இரு கண்களைச் சுற்றியும் கருவளையம் வந்தால்தான் மண்டை ஓட்டின் அடித்தளத்தில் முறிவு இருக்குமோ என்று நாங்கள் அஞ்சுவோம். புடைப்பை அழுத்தித் தேய்க்க வேண்டாம். வலியில் சிணுங்கினால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. கண்ணைத் திறந்து உங்களைப் பின்தொடர்ந்து பார்க்கிறாளா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நள்ளிரவு விழிப்பு (இழையைத் தொடங்கியவர்)

பார்க்கிறாள். நான் இதைத் தட்டச்சு செய்யும் கைபேசியைப் பிடுங்கத்தான் பார்க்கிறாள். கட்டில் சட்டத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டோம். மெத்தை இப்போது தரையில் கிடக்கிறது.